பி.ஓ.பி. என்பது சல்லடையின் பெயர்

ஹட்டன் கடைவீதியில் தேயிலை வாங்கப் போனால், பக்கெட்டுகளின் மேல் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்றெல்லாம் போட்டிருக்கும். முதலாவது உயர்ந்த ரகம், கடைசி வெறும் கழிவு என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த எழுத்துகள் இலைத்துண்டின் அளவையும் வடிவத்தையும்தான் சொல்கின்றன. காலையில் கிள்ளிய கொழுந்து தொழிற்சாலை மாடியில் வாடி, ரோலரில் நசுங்கி, காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டில் காய்ந்து கறுக்கிறது. பிறகு ஆடும் சல்லடைகளில் ஏறுகிறது. ஒரு கண்ணில் நின்றது பி.ஓ.பி.; அதைவிடச் சன்னமானது பி.ஓ.பி.எஃப்.; எல்லாவற்றையும் கடந்து அடியில் விழுவது டஸ்ட். ஒரே செடியின் கொழுந்து மூன்று பெயரில் வெளியே வரும். தூள் சன்னமானால் சாயம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். பி.ஓ.பி.யை விரித்தால் 'புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ'. நடுவில் வரும் 'ஒரேஞ்ச்' என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'பெக்கோ' மட்டும் மொட்டின் மேலுள்ள வெண்ணிறப் பூமயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது.

ருசியை மலை தீர்மானிக்கிறது. 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 4000 அடி வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். நுவரெலியா 6000 அடியை ஒட்டியது. அந்தக் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். சாயம் வெளிறியிருந்தாலும் வாசனை தூக்கலாக இருக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று வீசும்போதுதான் பருவம். மலைக்கு அந்தப்புறம் ஊவாவில் அது ஜூலைக்குப் பிறகு.

வைனுக்குத் தரம் சூட்டும் வழக்கம் வேறு. பிரான்சில் 1855இல், பாரிஸ் கண்காட்சிக்காக, போர்டோவின் பேர்பெற்ற செவ்வைன்களைத் தரகர்கள் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அளவுகோல், அன்றுவரை அவற்றுக்குக் கிடைத்துவந்த விலை. 1973இல் மூட்டோன் ரோத்ஷில்ட் என்ற வைன் முதற்படிக்கு ஏறியதைத் தவிர அந்தப் பட்டியலில் பெரிதாக எதுவும் அசையவில்லை. பர்கண்டியில் திராட்சை விளையும் நிலத்துக்கே தரம் உண்டு. நம் தோட்டங்களுக்கு அப்படிப் பரம்பரைப் பட்டம் கிடையாது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக விலை வாங்கவேண்டும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

ஏலத்துக்கு முன்னால் சுவைஞரின் மேசை. நிறுத்தெடுத்த தூளில் கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைப்பார். பிறகு ஒரு கரண்டி சாயத்தைச் சர்ரென்று உறிஞ்சுவார். வீட்டில் இப்படிக் குடித்தால் அம்மாவிடம் திட்டு விழும். ஆனால் காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் வாசனை மூக்கின் பின்புறம் ஏறும். துப்பிவிட்டு, மூடியில் கவிழ்த்த சக்கையைப் பார்ப்பார். புதுச் செம்புக்காசு போல மின்னினால் நல்லது. பச்சை தட்டினால் காற்றுப்பட்டு நொதித்தது போதவில்லை. நல்ல தோட்டத்து டஸ்ட், சுமாரான தோட்டத்து பி.ஓ.பி.யை விலையில் முந்துவது இந்த மேசையில்தான்.