பெயர் சொல்லாமை

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்கள் மீது நடந்த தாக்குதலில் 51 பேர் ஷஹீதாயினர். கொலையாளி அதை முகநூலில் நேரலையாக்கினான். முதல் 24 மணி நேரத்தில் 15 இலட்சம் படிகளை அகற்றியதாக அந்நிறுவனமே அறிவித்தது. நம்மவர் சிலரும் அக்காட்சியைப் பரப்பினர். அநீதியை உலகறியச் செய்வதாகவே எண்ணினோம். அவன் நாடியதும் அந்தப் பரவலைத்தான்.

2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனை அவன் முன்னோடியாகக் கொண்டிருந்தான். 2022இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பினத்தவர் பதின்மரைக் கொன்றவனோ இவனையே முன்மாதிரியாக்கி, அதனையும் நேரலையாக்கினான். செய்தியை மறைப்பது தீர்வன்று. கொலையாளியின் முகமும் பிரகடனமும் செய்தியாகா என்பதே நம் கருத்து. அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அவன் பெயரை உச்சரிக்க மறுத்தார். வழக்கு விசாரணையில் அவனது கொள்கைப் பரப்புரைக்கு இடமளிப்பதைக் கட்டுப்படுத்த அந்நாட்டின் ஐந்து பெரும் ஊடக நிறுவனங்கள் உடன்பட்டன.