பெரிய தட்டு கடைய உளி தாங்கி

கோடையில் மரம் கடைந்து நாலு காசு பார்க்கும் சிறு விவசாயிகள் உண்டு. 18 அங்குலத் தட்டு சிறிய லேத்தின் உட்புறம் கொள்ளாது. வெளிமுனையில் மாட்டிக் கடைய வேண்டும். அங்கே உளியைச் சாத்த, தரையில் நிற்கும் தாங்கி ஒன்றை வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

பழைய லாரி பிரேக் டிரம் அடிப்பாகத்துக்கு ஏற்றது. அது வார்ப்பிரும்பு, நேரே வெல்டிங் வைத்தால் விரிசல் காணும். தடித்த தகட்டில் குழாயை வெல்டிங் செய்து, தகட்டை டிரம்மின் துளைகளில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். குழாய்க்குள் ஏறி இறங்கும் தண்டின் தலையில் குறுக்குப் பட்டை; உயரத்தை நிறுத்தப் பக்கவாட்டில் ஒரு திருகு.

தாங்கி, மரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளியிருக்கட்டும். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே மோட்டாரைப் போடவும். நிமிடத்துக்கு 500 சுற்றிலேயே தட்டின் விளிம்பு மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தாங்கி ஆடினால் கைக்கு ஆபத்து. டிரம்மின் மேல் மணல் மூட்டை வைப்பது நல்லது.