டயப்பர்ங்கிற மாதாந்திர இஎம்ஐ: எப்போ, எப்படி முடிக்கலாம்?

பைக் இஎம்ஐ எவ்வளவுன்னு கேட்டா டக்குன்னு சொல்லிடுவீங்க. வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருந்தா, டயப்பருக்கு மாசம் எவ்வளவு போகுது? பலருக்கும் பதில் தெரியாது. அது மளிகை பில்லோடயே கலந்து போயிடும்.

ஒரு கணக்கு போடலாம். ஒரு டயப்பர் 12 ரூபாய், நாளைக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 60, மாதத்துக்கு 1,800, வருடத்துக்கு 21,900 ரூபாய். நீங்க வாங்குற பாக்கெட் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கோங்க.

"அப்போ நாளைக்கே நிறுத்திடலாமா?" அங்கதான் கவனம் வேணும். குழந்தையோட உடம்பு நம்ம பட்ஜெட்டைப் பார்த்து வளராது. பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தயாராகிறார்கள். 2 மணி நேரமாவது டயப்பர் ஈரமாகாமல் இருப்பது, ஜட்டியைத் தானே இறக்கப் பார்ப்பது, கக்கா வரும்போது ஓரமாகப் போய் நிற்பது, இதெல்லாம்தான் அடையாளம். அதற்கு முன்பே மிரட்டி உட்கார வைத்தால், பயத்தில் மலத்தை அடக்க ஆரம்பிக்கும். அடக்கினால் மலச்சிக்கல், வலி. வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். மிச்சம் பிடிச்ச காசு டாக்டர் பீஸா போயிடும். குழந்தை படுற பாடு தனி.

அடையாளம் தெரிஞ்சாச்சா? ஒரு பாட்டி சீட், பத்து காட்டன் ஜட்டி, மெத்தைக்கு ஒரு ரப்பர் ஷீட் போதும். வேலைக்குப் போறவங்களுக்கு உண்மையான செலவு லீவுதான். ஊருக்குப் போகாத ஒரு லாங் வீக்கெண்டோட 2 நாள் லீவு சேர்த்துக்கோங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். காலையில் எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும் உட்கார வையுங்கள். 5 நிமிஷத்துல வரலைன்னா எழுப்பிடுங்க. நம்ம ஆயாக்கள் கால் மேல உட்கார வெச்சு "ஸ்ஸ்ஸ்"னு சொல்றதும் இதே டெக்னிக்தான்: அதே நேரம், அதே சத்தம். டேகேர்லயும் இதையே செய்யச் சொல்லுங்க. தரையில் போயிட்டா திட்டாதீங்க, துடைச்சா போச்சு.

இரவு டயப்பரை அவசரமா நிறுத்த வேண்டாம். 5 வயசு வரைக்கும் தூக்கத்துல நனைக்கிறது சாதாரணம். இரவுக்கு ஒண்ணுன்னா மாசம் 360 ரூபாய். மிச்சம் 1,440.

இந்த 1,440 தானா சேமிப்பா மாறாது. விட்டா ஃபுட் டெலிவரில கரைஞ்சிடும். பகல் டயப்பர் நின்ன மாசமே அதே தொகைக்கு ஒரு ஆர்டி போடுங்க. 12 மாதத்தில் வட்டி இல்லாமலே 17,280 ரூபாய். ப்ளே ஸ்கூல் பீஸுக்குக் கை கொடுக்கும். பெண் குழந்தையா? நீண்ட காலத்துக்கு செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கு. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும்.

இன்னைக்கே கடைசி 3 மாச டயப்பர் பில்லைக் கூட்டிப் பாருங்க. ஆர்டி தொகையை நீங்க முடிவு பண்ணுங்க. ஆரம்பிக்கிற தேதியைக் குழந்தை முடிவு பண்ணட்டும்!