குடியிருப்போர் சங்கமும் இணையப் பெயரும்

முன்பின் அறியாத ஒருவரை ‘ஊர் பேர் தெரியாதவர்’ என்று சொல்வது நம் வழக்கு. ஊரும் பேரும் தெளிவானால் நம்பிக்கை பிறக்கும். தெளிவாகாவிடின் ஐயமே எஞ்சும். தனி மனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை சங்கங்களுக்கும் பொருந்தும். ஜொகூர் பாருவிலும், ஸ்கூடாய், மாசாய், உலு திராம் முதலிய சுற்றுப்புறங்களிலும் உள்ள தாமான்களில் குடியிருப்போர் சங்கங்கள் இயங்குகின்றன. காவல், துப்புரவு, வடிகால், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அவை கவனிக்கின்றன, சந்தாவும் திரட்டுகின்றன. ஆயினும் இணையவெளியில் தமக்கென ஒரு முகவரி இல்லாத சங்கங்கள் பல. செயலாளரின் கைப்பேசி எண், ஒரு வாட்சப் குழு, ஒரு முகநூல் பக்கம் ஆகியவையே அவற்றின் அடையாளம். இது போதுமா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலில் இணையப் பெயர் யாதென அறிவோம். இணையத்தில் இணைந்த கணினிகள் எண் முகவரிகளைக் கொண்டே ஒன்றையொன்று அறியும். எண்களை மனத்தில் இருத்துதல் மக்களுக்கு அரிது. ஆகவே எண்ணுக்கு ஈடாக ஒரு பெயர் வழங்கப்படுகிறது. அதனையே ‘டொமைன்’ என்றும், தமிழில் களப்பெயர் என்றும் கூறுவர். தொடக்கத்தில் இப்பெயர்களெல்லாம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. கணினிகள் பெருகப் பெருக அம்முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பெயர்ப் பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தளிக்கும் புதுமுறையை வகுத்தார்.

அம்முறை அஞ்சல் உறையை ஒத்தது. உறையில் முதலில் பெறுபவர் பெயரையும், பின்னர் தெருவையும் ஊரையும், ஈற்றில் நாட்டையும் எழுதுகிறோம். அஞ்சலகத்தாரோ ஈற்றிலிருந்து மேல்நோக்கிப் படிக்கின்றனர். களப்பெயரின் ஈற்றில் வரும் ‘எம்.ஒய்.’ மலேசியாவைக் குறிக்கும். இவ்வீறு 1987-இல் நம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இதனை இன்று நிர்வகிப்பது மைநிக் நிறுவனம். அதற்கு முன்னர் ‘ஓ.ஆர்.ஜி.’ என்று வருமாயின் அஃது ஓர் அமைப்பு என்பது புலனாகும். அதற்கும் முன்னுள்ள சொல்லே சங்கத்தின் பெயர். ஒரு சங்கம் பதிந்துகொண்ட பெயரை, அப்பதிவு நிலைத்திருக்கும் வரை, வேறெவரும் கொள்ள இயலாது.

இதன் அருமையை உணரத் தோட்ட வாழ்க்கையை எண்ணிப் பார்த்தாலே போதும். லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் அவ்வீடு தோட்டத்துக்கே உரியது. தோட்டம் கைமாறினால் குடியும் பெயர வேண்டியதே. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் இவ்வின்னலை நுகர்ந்தன. அதற்கு மாற்றாகவே வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்க்கும் உடைமை வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று தாமானில் சொந்த வீடு வாங்கி, கிராண்டும் பெற்றுவிட்ட நாம், நம் சங்கத்தின் பதிவேடுகளை மட்டும் பிறருடைய லயத்தில் குடியமர்த்தியிருப்பது முரண் அன்றோ?

பிறர் இடம் எந்நாளும் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடந்தந்த ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. பல்லாயிரம் குழுக்கள் கடிதம் பரிமாறிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் நின்றன. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. அவற்றை மூடியவர்கள் தம் வணிகக் கணக்கைப் பார்த்தார்கள். நம் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கவில்லை. சொந்தக் களப்பெயர் உள்ள சங்கமோ, பக்கங்களைத் தாங்கும் நிறுவனம் மூடினாலும், தான் வைத்திருக்கும் படியை வேறு நிறுவனத்திடம் ஏற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது.

சட்டக் கடமைகளையும் கருதுக. 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்படி பதிந்த குடியிருப்போர் சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் பதிவதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் உண்டு. பராமரிப்புக் கட்டணத்துடன், அதில் 10 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைச் சேமநிதிக்கும் உரிமையாளர் செலுத்துகின்றனர். அக்கணக்குகள் தணிக்கைக்கு உரியவை. பொறுப்பாளர் மாறினாலும் கணக்கும் குறிப்பும் மாறாத ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் வந்த கடிதங்கள் அவர் விலகும்போது அவரோடு போய்விடும். சங்கக் களப்பெயரில் செயலாளர் பதவிக்கென அமைந்த மின்னஞ்சலோ அடுத்தவர் கைக்கு முறையாக வரும்.

மோசடியைத் தடுக்கவும் இது துணைபுரியும். ‘சந்தாவைப் புதிய வங்கிக் கணக்கில் செலுத்துக’ என்று ஒரு செய்தி வந்தால், அதனைச் சங்கத்தின் பக்கத்தில் ஒப்புநோக்கி உண்மை அறியலாம். ஆயினும் ஓரெழுத்து மாற்றிப் போலிப் பெயர் பதிவோரும் உளர். பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. களப்பெயர் நிலையான பட்டா அன்று. குத்தகை நிலம் போன்றது. உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்காவிடின் அது கைநழுவும். எனவே பெயரைத் தனி மனிதர் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரிலேயே பதிதல் வேண்டும். கடவுச்சொல்லை இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாளைச் சங்கத்தின் சொத்துப் பட்டியலில் எழுதிவைத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. நீரிணைக்கு அப்பால் ‘சிங்கப்பூர்’ என்னும் தமிழ் ஈறே வழக்கில் உள்ளது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அவ்வாறே தமிழ் ஈறுகள் உண்டு. நம் நாட்டுக்கு ஜாவி எழுத்தில் ஈறு உண்டு, தமிழில் இல்லை. ஆகவே இங்குச் சங்கப் பெயரை ரோமன் எழுத்தில் அமைக்க நேர்கிறது. மலாய், சீன, தமிழ் அண்டை வீட்டார் அனைவரும் பிழையின்றித் தட்டெழுதக்கூடிய குறுகிய பெயரைத் தேர்ந்துதவ மொழியறிந்தோரே தக்கவர். உள்ளடக்கத்தைத் தமிழிலும் தருவதற்குத் தடையேதும் இல்லை.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில், ‘நம் சங்கத்தின் இணைய முகவரி யாருடையது?’ என்னும் ஒரு வினாவைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்ததாகும்.