தறிப் பலகையும் சுழல் கதிரையும்

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியோரத்தில் அமைந்துள்ள மருதமுனை, கைத்தறிச் சாரங்களுக்கும் சேலைகளுக்கும் பெயர்பெற்ற ஊராகும். அங்கே தறியில் அமர்ந்து நாடா ஓட்டும் நெசவாளரும், கல்முனையிலே காரியாலயக் கோப்புகளின் நடுவே அமர்ந்திருக்கும் இலிகிதரும் செய்யும் தொழில்கள் வேறு வேறானவை. ஆயினும், மாலையில் வேலை முடிந்து எழும்போது இருவருடைய கையும் இடுப்பிற்கே செல்கின்றது. இருவரையும் வருத்துவது உழைப்பு மட்டுமன்று. உழைக்கும்போது அமர்ந்திருந்த இருக்கையுமாகும்.

மனிதனது முள்ளந்தண்டு நேரான கோலன்று. பக்கவாட்டில் நோக்கினால் அது மெல்ல வளைந்து வளைந்து செல்வதைக் காணலாம். இடுப்புப் பகுதியில் அவ்வளைவு முன்னோக்கியது. நாம் அமரும்போது இடுப்பெலும்பு பின்புறமாகச் சரிகின்றது. அதனோடு அந்த வளைவும் தட்டையாகின்றது. முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோன்ற வட்டுக்கள் உள்ளன. வளர்ந்தவர்களில் இவற்றினுள்ளே இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் செல்வதில்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டமே அவற்றுக்கு ஆதாரம். உடல் அசையும்போது வட்டின்மீதுள்ள அழுத்தம் ஏறியிறங்கி, அந்தக் கசிவுக்குத் துணைசெய்கின்றது.

அமர்ந்திருப்பவரின் வட்டில் எவ்வளவு அழுத்தம் உண்டாகின்றது? சுவீடன் நாட்டு மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டினுள் ஊசி செலுத்தி இதனை அளந்தார். முதுகுக்குச் சார்பின்றி அமர்வது நிற்பதைக் காட்டிலும் வட்டை மிகுதியாக அழுத்துகின்றது என்பது அவர் கண்ட முடிவு. ஆனால், 1999ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வில்கே குழுவினர் ஒருவரிடத்தில் அளந்தபோது, தளர்வாக அமர்ந்த நிலையில் அழுத்தம் நிற்கும்போதுள்ளதை விடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே அமர்தலே பகை என்று கூறிவிட முடியாது. அசையாது ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே அஞ்சத்தக்கது.

இப்போது தறியை நோக்குவோம். குழித்தறியில் நெசவாளர் நிலத்தோடு ஒட்டிய விளிம்பில் அமர்ந்து, குழியினுள்ளே கால்களைத் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிக்கின்றார். சட்டத்தறியிலோ குறுக்குப் பலகையொன்றே ஆசனம். இரண்டிலும் முதுகுக்குச் சார்பில்லை. பலகை தாழ்ந்திருந்தால் துணியை எட்டுவதற்குத் தோள்கள் உயருகின்றன. உயர்ந்திருந்தால் முதுகு கூனுகின்றது. கைவேலை நடக்கும் மட்டம் முழங்கையின் மட்டத்தை ஒட்டியிருக்கவேண்டும் என்பதே இதற்குரிய பொதுவிதி. ஒரே தறியில் தந்தையும் மகளும் மாறிமாறி நெய்யும் வீட்டில், ஒரே உயரமுள்ள பலகை இருவருக்கும் எவ்வாறு பொருந்தும்?

இக்கேள்விக்கு விடையாக வந்ததே உயரம் மாறும் சுழல் கதிரை. 1849ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் வாரன், சுருள்வில்லின்மேல் அமைந்து சுழலும் கதிரையொன்றை ஆக்கினார். அது 1851இல் இலண்டன் மாநகரப் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. கதிரை சுழல்வது ஆடம்பரத்துக்கன்று. பக்கத்து மேசையிலுள்ள கோப்பை எடுக்க இடுப்பை முறுக்குவதற்குப் பதிலாக, கதிரையே உடலைத் திருப்பிவிடுகின்றது.

அக்கதிரைக்கு ஐந்து கால்கள் ஏன் என்பதும் அறியத்தக்கது. நடுத்தண்டிலிருந்து ஒவ்வொரு காலும் 30 சென்ரிமீற்றர் நீண்டிருப்பதாகக் கொள்வோம். நான்கு கால்களானால், இரு கால்களின் நுனிகளை இணைக்கும் கோடு நடுவிலிருந்து ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் தூரத்தில் விழும். ஐந்தானால் 24 சென்ரிமீற்றருக்கு அப்பால் விழும். உடலின் பாரம் அக்கோட்டைத் தாண்டினாலன்றிக் கதிரை கவிழாது. ஒரு கால் கூடுவதனால் சாய்வதற்குரிய இடமும் அந்த அளவுக்குக் கூடுகின்றது.

எனினும் விலையுயர்ந்த கதிரையும் பொருத்தமாக அமைக்கப்படாவிடின் பயன் தராது. பாதங்கள் இரண்டும் தரையிற் படியவேண்டும். வேறு நாட்டார் அளவுக்குச் செய்த கதிரை குட்டையான ஒருவருக்கு உயரமாயின், ஆசனத்தின் விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப்போகும். அப்போது காலடியில் ஒரு மரக்கட்டையை வைத்தாலே போதும். ஆசன விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடமிருத்தல் நன்று. முதுகுச்சார்பு இடுப்பின் உட்குழிவைத் தாங்கவேண்டும்; அவ்வாறு தாங்காதாயின் சுருட்டிய துவாயொன்று அக்குறையைத் தீர்க்கும்.

கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கு இன்னொன்றும் வேண்டும். 1994இல் ஹேர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட ஏரோன் கதிரை, மெத்தையை நீக்கி வலைத்துணியை இழுத்துக் கட்டியதனாற் புகழ்பெற்றது. காற்றுப் புகும் ஆசனம் என்பது நமக்குப் புதிதன்று. பிரம்பு பின்னிய கதிரையும் சாய்மனைக் கதிரையும் அதையே செய்துவந்தன. ‘கதிரை’ என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அதிலே பிரம்பைப் பின்னிக் காற்றுக்கு வழிவிட்டது இந்நாட்டுக் கைத்திறன்.

காரியாலயத்துக்கு நல்ல கதிரை வாங்குவோர் உளர். நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளருக்கோ, இடுப்பு நொந்த நாள் கூலியற்ற நாளாகும். பலகையின் இருபுறத் தாங்கிகளிலும் வெவ்வேறு உயரங்களில் துளையிட்டு, முளைகளை மாற்றிச் செருகும்படி செய்தால், நெய்பவரின் உடலுக்கேற்பப் பலகையை ஏற்றவும் இறக்கவும் இயலும். ஊர்த் தச்சர் ஒருவருக்கு அது பெரிய வேலையன்று. அதனோடு, இடையிடையே எழுந்து சிறிது நடந்து வருவதும் வேண்டும். உழைப்பவருக்கேற்ப இருக்கை அமையவேண்டுமேயன்றி, இருக்கைக்கேற்ப உழைப்பவர் வளையலாகாது.