மீட்டருக்குக் கேட்காத இரைச்சல்

கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்னையிலிருந்து வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வருகிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள், சாலையில் ஏர் ஹாரன் அடிக்கும் லாரிகள், ஊரை ஒட்டி ரயில் பாதை. இத்தனைக்கும் நடுவே தூங்கிப் பழகியவருக்கும், பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் திடீரென்று அலறினால் தூக்கம் போய்விடுகிறது. ஏன்?

காரணம் பாதி காதில், பாதி மனதில்.

டெசிபல் கணக்கு நாம் போடும் கூட்டல் கணக்கு அல்ல. ஒரே அளவில் இரையும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் மீட்டரில் ஏறுவது 3 டெசிபல்தான். சத்தம் இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். எல்லாச் சுருதியும் காதுக்கு ஒன்றல்ல. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கூர்மை அதிகம். இரும்பை அறுக்கும் கிறீச்சொலி பல்லைக் கூசவைப்பது அதனால்தான். பெரிய மோட்டார்களின் தாழ்ந்த ரீங்காரத்துக்கு வேறு குணம். கதவைச் சாத்தினால் மற்றவை அடங்கும். அது மட்டும் சுவரைத் தாண்டி வந்து நிற்கும்.

இனி மனம். அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வுகளில் சிலரை எதிர்பாராமல் வெடிக்கும் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்யவைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வேண்டுமானால் சத்தத்தை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் தரப்பட்டது. அவர்கள் பெரும்பாலும் அதை அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலைகளைப் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். தன் கையில் இருக்கும் சத்தம் அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆலையை ஓட்டுகிறவருக்கும் அதே ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

'பழகிப்போச்சு' என்பது முழுக்க நிம்மதி தரும் பதில் அல்ல. நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆராய்ந்து 1975இல் முடிவை வெளியிட்டார்கள். தண்டவாளப் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ரயில் சத்தம் அன்றாடம்தான்.

ஆலைக்குள் ஆபத்து இன்னும் நேரடியானது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு. அதிக இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்திறன். பேச்சுக் கேட்கும், ச, ஷ போன்ற ஒலிகள் மட்டும் நழுவும். வீட்டில் 'என்ன சொன்னே?' என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். காதடைப்பானைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்பகுதிக்கு 70 டெசிபல், குடியிருப்புக்கு 45 என்கின்றன அவை. வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு போடலாம். சத்தம் கோட்டில் நிற்காது. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ போனால் எவரும் புகார் தரலாம். அதை விசாரிக்க அதிகாரம் பெற்றவர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர்.