கையெழுத்திட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன?

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் கேரள மக்களுக்கு மட்டுமான மருத்துவமனை அல்ல. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஒருவருக்கு வாயிலோ தொண்டையிலோ கட்டி இருப்பது தெரியவந்தால், குடும்பத்தார் பலரும் அழைத்துச் செல்வது சென்னைக்கு அல்ல, திருவனந்தபுரத்துக்குத்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் மிகுந்த இப் பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் ஏழைகளையே அதிகம் தாக்குகிறது.

மருந்துப் பரிசோதனைகள் குறித்து நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் பின்னாளில் எழுந்த கேள்விகள் பலவற்றுக்கு முன்னோட்டமாக அமைந்தது, 1999-2000-ஆம் ஆண்டுகளில் இந்த மையத்தில் நடந்த ஒரு பரிசோதனை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ரு சி ஹுவாங் உருவாக்கிய "எம்4என்' என்ற ரசாயனம், வாய்ப் புற்றுநோயாளிகள் சுமார் 25 பேரின் கட்டிகளில் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அமெரிக்கப் பாலைவனங்களில் வளரும் ஒரு புதர்ச் செடியில் இருந்து கிடைக்கும் பொருளின் வழித்தோன்றல் அது. மனித உடலில் அது எவ்வாறு வேலை செய்யும் என்பதை அறிவதே பரிசோதனையின் நோக்கம்.

இதை வெளியுலகுக்குத் தெரிவித்தது எந்த அரசுத் துறையும் அல்ல. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் அல்ல. அதே மையத்தின் கதிரியக்க உயிரியல் பிரிவில் பணியாற்றிய டாக்டர் வி.என். பட்டதிரிதான் 2001 ஜூலையில் இதைப் பகிரங்கப்படுத்தினார். அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு என நிலைபெற்ற சிகிச்சை முறைகள் உள்ள நோயாளிகளிடம், போதிய பாதுகாப்புச் சான்று இல்லாத ரசாயனம் செலுத்தப்பட்டது என்பதும், தங்களுக்குச் செலுத்தப்படுவது சோதனை நிலையில் உள்ள பொருள் என்பது நோயாளிகளுக்கு உரிய முறையில் விளக்கப்படவில்லை என்பதும் புகாரின் சாரம். நோயாளிகள் ஒப்புதல் அளித்தனர், எவருக்கும் பாதிப்பு இல்லை என்று மையத்தின் தரப்பில் பதில் அளிக்கப்பட்டது.

பால்டிமோரில் நடந்தது

புகார் எழுந்த அதே நேரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வேறொரு நெருக்கடியில் சிக்கியிருந்தது. ஆஸ்துமா குறித்த ஆய்வு ஒன்றில் தன்னார்வலராகப் பங்கேற்ற 24 வயது ஆய்வகப் பணியாளர், 2001 ஜூனில் உயிரிழந்தார். ஒரே ஒரு மரணம். அதற்காக, மத்திய அரசின் நிதியில் மனிதர்களிடம் நடைபெறும் ஹாப்கின்ஸ் ஆய்வுகள் அனைத்தையும் அடுத்த மாதமே அமெரிக்க அரசு நிறுத்தி வைத்தது. சில நாள்களில் தடை தளர்த்தப்பட்டாலும், உலகப் புகழ்பெற்ற அந் நிறுவனம் ஆட்டம் கண்டது. திருவனந்தபுரம் செய்தி சென்று சேர்ந்தது இந்தச் சூழலில்தான்.

பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவின் முடிவு 2001 நவம்பரில் வெளியானது. மனிதர்களிடம் ஆய்வு நடத்த ஹாப்கின்ஸ் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. பேராசிரியர் அதைப் பெறவில்லை. மனிதர்களுக்குச் செலுத்தும் முன் விலங்குகளிடம் செய்யப்பட வேண்டிய பாதுகாப்புச் சோதனைகளும் போதுமானவை அல்ல. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்கான அறிகுறி ஏதும் இல்லை என்றும் குழு தெரிவித்தது. ஆயினும் மனிதர்களிடம் நடத்தப்படும் ஆய்வுகளுக்கு இனி அவர் தலைமை ஏற்கக் கூடாது எனப் பல்கலைக்கழகம் தடை விதித்தது.

தீங்கு நேரவில்லை என்பது வேறு, அனுமதியின்றிச் செய்யலாம் என்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பால்டிமோர் புரிந்துகொண்ட அளவுக்குத் தில்லி அன்று புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. இந்தியாவில் விசாரணைகள் நடக்காமல் இல்லை. ஆனால், திருவனந்தபுரம் சர்ச்சை அடங்கிய சில ஆண்டுகளிலேயே மத்திய அரசு எதிர்த்திசையில் நடந்தது.

வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அங்கு ஒரு கட்டப் பரிசோதனையைக் கடந்த பிறகே, இந்தியாவில் அந்தக் கட்டத்துக்கு அனுமதி என்பது, 1988-இல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்ட "ஒய்' அட்டவணை வகுத்த பாதுகாப்பு. முதற்கட்டம் தவிர்த்த மற்ற கட்டங்களுக்கு இந்த இடைவெளி 2005 ஜனவரியில் நீக்கப்பட்டது. உலகெங்கும் நடக்கும் பரிசோதனைகளில் இந்தியாவும் உடன்நிகழ்வாகப் பங்கேற்கலாம் என்றானது. முதலீடு வரும், வேலைவாய்ப்பு பெருகும் என்று கூறப்பட்டது. மற்றொரு காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை: இதுவரை எந்தச் சிகிச்சையும் பெற்றிராத நோயாளிகள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

பரிசோதனையே கூடாது என்று எவரும் வாதிடவில்லை, வாதிடவும் முடியாது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானட்டோரியத்தில் கிடைக்கும் பலனுக்கு அது குறைந்ததல்ல என்பதைச் சென்னையின் ஏழை நோயாளிகளைக் கொண்டு அது நிரூபித்தது. உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது. அந்த ஆய்வின் பலன் முதலில் போய்ச் சேர்ந்ததும் அதே ஏழைகளுக்குத்தான். 2005-க்குப் பிறகு வந்த பரிசோதனைகளில் எத்தனைக்கு இதைச் சொல்ல முடியும் என்பதே கேள்வி.

நிலைக்குழு கண்ட கையெழுத்துகள்

கேள்விக்கு நாடாளுமன்றம் விடை தேடத் தொடங்கியது, அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-இல் சிறுமிகளுக்குப் போடப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குப் பிறகு. "பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடனும் இரு மாநில அரசுகளுடனும் இணைந்து நடத்திய திட்டம் அது. ஏழு சிறுமிகளின் மரணத்தை அடுத்து 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவரவில்லை.

ஆனால், ஒப்புதல் படிவங்கள் வேறு கதை சொல்லின. பிரஜேஷ் பாட்டக் தலைமையிலான, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-ஆவது அறிக்கையின்படி, ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 1,948-இல் இருந்தவை கைநாட்டுகள். 2,763 படிவங்களில் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள். பழங்குடிக் குழந்தைகள் தங்கிப் படிக்கும் விடுதியில், மகளின் உடலில் என்ன செலுத்தப்படுகிறது என்பது தாய்க்குத் தெரியாமலேயே அந்த ஒப்புதல் பெறப்பட்டது.

இதற்கு முந்தைய ஆண்டு, 2012 மே மாதம், இதே குழு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அளித்த 59-ஆவது அறிக்கை இன்னும் கடுமையானது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 31 புதிய மருந்துகள், இந்திய நோயாளிகளிடம் பரிசோதிக்கப்படாமலேயே அனுமதி பெற்றிருந்தன. வெவ்வேறு நகரங்களில் உள்ள மருத்துவ நிபுணர்கள் தனித்தனியே எழுதியதாகக் காட்டப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள், ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. கடிதங்களை உண்மையில் எழுதியது மருந்து நிறுவனங்களின் மறைவான கரங்கள்தாம் என்று குழு சந்தேகித்தது. கைநாட்டு வைத்த ஏழைக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்திட்ட நிபுணருக்குப் படிக்கத் தெரியும். வேறுபாடு அவ்வளவுதான்.

கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் ஒரே குரலில் பேசிய அறிக்கைகள் இவை. நிலைக்குழு அறிக்கைகள் அவையில் வைக்கப்பட்டு அத்துடன் மறக்கப்படுவதே வழக்கம். இம்முறை அப்படி நேராமல் தடுத்ததில் உச்ச நீதிமன்றத்துக்குப் பங்குண்டு. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் நாட்டையே அதிர வைத்தது. 2005 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 475 புதிய மருந்துகளின் பரிசோதனைகளில் பங்கேற்றவர்களில் 2,644 பேர் இறந்திருந்தனர்.

இந்த எண்ணிக்கையை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். பரிசோதனையில் சேர்க்கப்படுவோரில் பலர் முற்றிய புற்றுநோயாளிகள், இதய நோயாளிகள். நோயே மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். பரிசோதனையின் விளைவாக நேர்ந்தவை என அரசு ஏற்றுக்கொண்ட மரணங்கள் 80. எந்த மரணம் எதனால் நேர்ந்தது என்பதை முதலில் தீர்மானித்தவர் யார்? பரிசோதனையை நடத்திய மருத்துவரும், செலவு செய்த நிறுவனமும்தான். இழப்பீட்டுக்கான விதி 2013 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது.

புதிய விதிகள்

இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச் 19-இல் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையுடன் தொடர்பு இல்லாதவர்கள், தலைவரும் வெளியாளே. கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். பரிசோதனையால் நேரும் மரணத்துக்கு இழப்பீடு வழங்கக் கணக்கீட்டு முறையும் வகுக்கப்பட்டுள்ளது. எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவர்களிடம் புதிய மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது, ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்வது கட்டாயம். திருவனந்தபுரத்தில் 1999-இல் இவற்றில் பாதி இருந்திருந்தாலும், பட்டதிரி குரல் எழுப்ப வேண்டிய தேவை வந்திராது.

அதே விதிகளில் மற்றொரு பிரிவும் உள்ளது. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தின் பரிசோதனைக்கு விண்ணப்பித்து 30 வேலை நாள்களுக்குள் பதில் வராவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். அதிகாரியின் மௌனம் சம்மதமாகிறது. ஆள் பற்றாக்குறை உள்ள துறை என்று நிலைக்குழுவே சுட்டிக்காட்டிய ஒரு துறைக்கு இந்தச் சலுகை எதற்கு என்பதற்கு விளக்கம் இல்லை.

விதிகள் வந்த பிறகும் புகார்கள் ஓயவில்லை. கரோனா காலத்தில், 2020 இறுதியில், போபாலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தடுப்பூசிப் பரிசோதனையில் பங்கேற்றவர்களில் விஷவாயுவால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் இருந்தனர். ஊசி போட்டுக்கொண்டால் 750 ரூபாய் கிடைக்கும் என்று கூறப்பட்டதாகவும், அது பரிசோதனை என்பது தங்களுக்குத் தெரியாது என்றும் அவர்களில் சிலர் கூறினர். மருத்துவமனை அதை மறுத்தது.

பரிசோதனைகளின் விவரங்களை எவரும் பார்வையிட வகை செய்யும் தேசியப் பதிவேடு 2007 முதல் உள்ளது. 2009 ஜூன் முதல் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. எந்த நோய், எந்த மருந்து, எந்த மருத்துவமனை, யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில். நாகர்கோவிலில் இருந்து அதிகாலை ரயிலில் வந்து புறநோயாளிகள் பிரிவில் காத்திருப்பவருக்கு அதனால் பயன் குறைவே. அவருக்கு விதிகள் தரும் உரிமை வேறொன்று: ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும், மறுத்துவிட்டாலும் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது, கையெழுத்திட்ட பின் அதன் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

எம்4என் ரசாயனம் பின்னர் "டெராமெப்ரோகால்' என்று பெயர் பெற்று, அமெரிக்காவில் முறையான அனுமதியுடன் புற்றுநோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டது. புற்றுநோய்க்கான மருந்தாக அது இன்னும் விற்பனைக்கு வரவில்லை.